ஏலமலையை பாட்டால் ஆட்டிப்படைத்த பாவலர் வரதராசன்!

போடிநாயக்கனூர்:

இளையராஜாவை தெரியாத ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. ஆனா அந்த இளையராஜாவை முதன்முதலா மேடை ஏத்தி விட்டது யார் என்று கேட்டால் இன்றைய இளவட்டங்கள் பலர் முழிப்பார்கள். போடி, தேவாரம், பண்ணைப்புரம் பக்கத்து பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஒரே பெயர்தான் வரும். பாவலர் வரதராசன்!

பாட்டு கட்டுவார். கட்டிய பாட்டை அவரே பாடுவார். பாடிய பாட்டால் ஓட்டையும் திருப்புவார். சினிமா வாய்ப்பு தேடி அலையாமல், எஸ்டேட் தொழிலாளிகள் முன்னால் பாடியே பேர் வாங்கிய மனுஷன் அவர்.

பண்ணைப்புரத்து பிள்ளை

போடியில் இருந்து சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் தாண்டி போனால் வரும் ஊர் பண்ணைப்புரம். இப்போது தேனி மாவட்டம். அப்போது மதுரை மாவட்டம். மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காடு, தேயிலைக்காடு. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வயிற்றுப் பிழைப்பே அந்த மலையை நம்பித்தான்.

அந்த ஊர் டேனியல் ராமசாமியின் மகன்தான் வரதராசன். டேனியல் ராமசாமியின் இன்னொரு மனைவி சின்னத்தாயம்மாளின் பிள்ளைகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங். இதில் ராசையாதான் பின்னாளில் இளையராஜா. அமர்சிங்தான் கங்கை அமரன். ராசையா பிறந்தது 1943-ல். வரதராசன் வயதில் ரொம்ப மூத்தவர். அப்பா இறந்த பிறகு தம்பிகளுக்கு வழிகாட்டியாக நின்றவர் இந்த அண்ணன்தான்.

வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடகர் ஆனார். கையில் ஒரு ஆர்மோனியம். நெஞ்சு நிறைய பாட்டு. இதுதான் அவருடைய மொத்த சொத்து.

கட்சிக் கூட்டத்தில் கச்சேரி

அந்தக் காலத்தில் டி.வி. கிடையாது. ரேடியோவும் எல்லா வீட்டிலும் இருக்காது. சினிமா பார்க்க வேண்டும் என்றால் கீழே இறங்கி டெண்டு கொட்டாய்க்கு வர வேண்டும். காலையில் இருந்து காட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த ஜனத்தை, ராத்திரி கூட்டத்துக்கு உட்கார வைப்பது லேசான காரியமா?

தலைவர் வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். அதை நிறுத்தி வைப்பதுதான் பாட்டுக்காரரின் வேலை. பாவலர் இதில் கெட்டிக்காரர். ஜனங்களுக்கு ஏற்கனவே தெரிந்த மெட்டை எடுப்பார். அது நாட்டுப்புற மெட்டாக இருக்கும், இல்லை அப்போது ஹிட் ஆன சினிமா மெட்டாக இருக்கும். அதில் கூலி, ரேஷன், விலைவாசி, எஸ்டேட் துரை, ஓட்டு என்று புது வார்த்தைகளை போட்டு விடுவார்.

இது சும்மா கேலிக்காக செய்தது இல்லை. மெட்டு ஏற்கனவே வாயில் இருப்பதால், புது வார்த்தை ஒரே ராத்திரியில் மனசில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காயெடுக்கப் போகிற பெண்கள் அதையே முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். நோட்டீஸ் அடித்தால் எழுத்து தெரிந்தவன்தான் படிப்பான். பாட்டு எல்லார் வாய்க்கும் போய்விடும். செலவே இல்லாத பிரசாரம்!

தேவிகுளம் தேர்தல்

பாவலர் பெயர் மலை முழுக்க பரவியது 1958-ல்தான்.

1956 நவம்பர் 1-ந்தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர்கள் நிறைய வசித்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளாவுக்கு போய்விட்டன. மறுவருஷம் 1957-ல் கேரள சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தது. மொத்தம் 126 இடம். கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60 கிடைத்தது. 5 சுயேச்சைகள் ஆதரவோடு இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதல்-மந்திரி ஆனார்.

தேவிகுளத்தில் ஜெயித்தவர் ரோசம்மா புன்னூஸ். ஆனா காங்கிரஸ் வேட்பாளர் பி.கே.நாயரின் மனுவை தள்ளுபடி செய்தது தப்பு என்று வழக்கு போனது. ரோசம்மாவின் வெற்றி செல்லாது என்று ஆகிவிட்டது. 1958-ல் இடைத்தேர்தல்!

ஆளுங்கட்சிக்கு இருந்ததே நூலிழை மெஜாரிட்டி. ஒரு சீட்டு போனாலும் ஆட்சி ஆட்டம் கண்டுவிடும். அதனால் கேரளாவே இந்த மலையை பார்த்துக்கொண்டு இருந்தது. ஓட்டு போடுகிறவர்களோ பெரும்பாலும் தமிழ் தோட்டத் தொழிலாளிகள். மலையாளத்தில் எவ்வளவு பெரிய தலைவர் பேசினாலும் அவர்கள் காதில் முழுசாக ஏறாது. அவர்கள் பாஷையில், அவர்கள் மெட்டில் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது.

அங்கேதான் பாவலர் வந்தார். எஸ்டேட் எஸ்டேட்டாக, லயன் வீடுகள் முன்னால் ஆர்மோனியத்தோடு பாடினார். ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். இந்த வெற்றியில் பெரிய பங்கு பாவலர் பாட்டுக்குத்தான் என்று இ.எம்.எஸ்.சே மேடையில் பாராட்டியதாக அவர் குடும்பத்தார் இன்றும் பெருமையாக சொல்வது உண்டு.

அந்த ஆட்சியை 1959 ஜூலை 31-ந்தேதி மத்திய அரசு கலைத்துவிட்டது. ஆட்சி போனாலும் பாவலர் பெயர் மலையில் நின்றுவிட்டது.

தம்பி ராசையா வந்தார்

கிட்டத்தட்ட இதே சமயத்தில்தான் 14 வயது ராசையா அண்ணன் குழுவில் சேர்ந்தார். உடையாத குரல் என்பதால் ஆரம்பத்தில் பெண் குரலில் பாடுவது ராசையாவின் வேலை. குரல் உடைந்ததும் ஆர்மோனியத்துக்கு மாறினார். பிறகு பெண் குரல் பாடும் முறை அமர்சிங்குக்கு வந்தது.

அண்ணன் கோவையில் வாங்கிய அந்த ஆர்மோனியத்தை தம்பிகள் தொட்டால் அடி விழுமாம். அண்ணன் வெளியே போன நேரம் பார்த்து ராசையா திருட்டுத்தனமாக வாசித்துப் பழகினார். அடிக்குப் பயந்து பழகிய அந்த கைதான் பிறகு உலகத்தையே ஆட்டிப்படைத்தது!

பாவலர் சகோதரர்கள் என்ற பெயரில் சுமார் பத்து வருஷம் தென்னிந்தியா முழுக்க சுற்றினார்கள். ஆயிரக்கணக்கான கச்சேரிகள். எந்த ஊரில் எந்த மெட்டுக்கு கூட்டம் எழுந்திருக்கும், எந்த இடத்தில் தாளம் மாறினால் கை தட்டும் என்பது எல்லாம் ராசையாவுக்கு அங்கேயே பாடமாகிவிட்டது.

பாடகரா... கவிஞரா?

பாட்டுலகத்தில் இரண்டு ஜாதி உண்டு. எழுதுகிறவர் ஒருத்தர். மேடையில் நின்று கைதட்டல் வாங்குகிறவர் இன்னொருத்தர்.

பழைய நாடக மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா பாடினால் கொட்டகை அதிரும். 27 வயதிலேயே 1933-ல் இறந்துவிட்டார். ஆனா அவர் எழுத்தாளர் இல்லை. அந்தக் கால நாடக மேடைக்கு பாட்டும் கதையும் எழுதிக் குவித்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். கம்யூனிஸ்ட் பக்கம் வந்தால் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 29 வயதில் 1959-ல் மறைந்த அவருடைய சினிமா பாட்டு இன்றும் தொழிலாளி வாயில் இருக்கிறது. ஆனா எழுத்து அவருடையது, குரல் டி.எம்.சவுந்தரராஜன் போன்றவர்களுடையது.

கடல் கடந்து போனாலும் இதே கதைதான். தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்த அதே 1958-ல் அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் பாட்டு பித்து உச்சத்தில் இருந்தது. அங்கே சூப்பர் ஸ்டார் எல்விஸ் பிரெஸ்லி. லாரி டிரைவராக இருந்தவர். இடுப்பை ஆட்டி அவர் பாடினால் ரசிகர்கள் மயங்கி விழுவார்கள். ஆனா அவர் பாட்டு எழுதுகிறவர் இல்லை. ஓட்டிஸ் பிளாக்வெல் என்ற கறுப்பின கவிஞர் எழுதிய ஒரு சூப்பர் ஹிட் பாட்டில், எழுதியவர் வரிசையில் எல்விஸ் பெயரும் சேர்ந்துகொண்டது.

சக் பெர்ரி நேர் எதிர். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், முடி அலங்காரம் படித்தவர். பாட்டை அவரே எழுதி, அவரே மெட்டு போட்டு, கிட்டாரை பிடித்துக்கொண்டு வாத்து நடை நடந்து மேடையை கலக்குவார். 1955-ல் வந்த அவருடைய முதல் ஹிட் பாட்டில் சம்பந்தமே இல்லாத ரேடியோ அறிவிப்பாளர் ஆலன் பிரீட் பெயரையும் இன்னொருவர் பெயரையும் எழுதியவர்களாக சேர்த்துவிட்டார்கள். அதை நீக்கி முழு உரிமையும் சக் பெர்ரிக்கு திரும்பி வர 1986 ஆகிவிட்டது! லிட்டில் ரிச்சர்டு உயிரைக் கொடுத்து பியானோவில் அலறிப் பாடிய பாட்டை, பேட் பூன் என்ற வெள்ளைக்கார பாடகர் மென்மையாக பாடி பட்டியலில் அவரை முந்திக்கொண்டார்.

பாவலர் எந்தப் பக்கம்? சந்தேகமே வேண்டாம், சக் பெர்ரி பக்கம்தான். எழுத்தும் அவரே, குரலும் அவரே, மேடையும் அவரே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சக் பெர்ரி மெட்டை புதுசாக கொடுத்தார். பாவலர் பெரும்பாலும் ஊருக்கு தெரிந்த மெட்டில் புது வார்த்தையை கொடுத்தார். அவர் தேடியது ரசிகனை அல்ல, ஓட்டுப் போடுகிற தொழிலாளியை. அதற்கு அதுதான் சரியான வழி.

பாட்டு இருக்கு... பேர் இல்லை!

இதில் நஷ்டம் யாருக்கு? பாவலருக்குத்தான். சக் பெர்ரி கதையிலாவது இசைத்தட்டு இருந்தது, அதில் பெயர் அச்சாகி இருந்தது, சண்டை போட கோர்ட்டு இருந்தது. கட்சி மேடைப் பாட்டுக்கு இது எதுவும் கிடையாது. இன்று ராத்திரி பாடுவது நாளை ஊர் பாட்டு ஆகிவிடும். அடுத்த தேர்தல் வந்தால் பழைய பாட்டு பழசாகிவிடும். கட்டியவர் யார் என்று கேட்க ஆள் இருக்காது. சக் பெர்ரியின் பாட்டு ஒன்றை 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றி அண்டவெளிக்கே அனுப்பினார்கள். பாவலர் மலையில் பாடியதில் பாதி, அதை கேட்ட பெரியவர்களோடு போய்விட்டது.

1968-ல் தம்பிகள் சென்னைக்கு போனார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் ராசையா இசை படித்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. ஊர் ஊராக ஒலிபெருக்கியில் தம்பி மெட்டு முழங்கியது. ஆனா அதை கேட்க அண்ணன் உயிரோடு இல்லை. படம் வருவதற்கு முன்பே பாவலர் காலமாகிவிட்டார்.

தம்பிகள் மறக்கவில்லை. சொந்த சினிமா கம்பெனிக்கு பாவலர் கிரியேசன்ஸ் என்று அண்ணன் பெயரையே வைத்தார்கள். 1981-ல் அல்லிநகரத்து பாரதிராஜா இயக்கி வெள்ளிவிழா கண்ட 'அலைகள் ஓய்வதில்லை' அந்த கம்பெனி படம்தான். 1985-ல் மணிரத்னம் இயக்கிய 'இதயகோவில்' படத்தில் பாவலர் எழுதிய ஒரு பாட்டை இளையராஜா சேர்த்தார். வாழ்ந்த காலத்தில் சினிமா பக்கம் போகாத பாவலர் பெயர், செத்த பிறகு டைட்டில் கார்டில் வந்தது!

2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றி இளையராஜா உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். அந்த சிம்பொனிக்கு பிள்ளையார் சுழி போட்டது, லயன் வீடுகள் முன்னால் பாவலர் வாசித்த அந்த ஆர்மோனியம்தான் என்றால் மிகை இல்லை.

போடியில் இருந்து இன்றும் விடிகாலையில் ஜீப்புகள் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு முந்தல் தாண்டி, போடிமெட்டு வளைவுகளில் ஏறுகின்றன. ஜீப்பில் பாடுவது பெரும்பாலும் இளையராஜா பாட்டு. மெட்டு தம்பியுடையது. அந்த ஜனத்துக்கு எப்படிப் பாட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் அண்ணன். பாவலர் பாட்டு தெரிந்த பெரியவர்கள் இந்த மலையடிவார ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தப் பாட்டுகளை செல்போனிலாவது பதிவு செய்து வைத்தால், கட்டியவர் பேரோடு அது அடுத்த தலைமுறைக்கு போய்ச் சேரும்.