தொப்பியைக் கழற்றாத நோயாளி

ஷெர்லாக் ஹோம்ஸைத் தெரியாதவங்க நம்ம காலேஜ்ல இருக்க மாட்டாங்க. அந்தக் கேரக்டருக்கு அச்சா இருந்த ஜோசப் பெல் ஒரு சர்ஜன். என்னைக் கேட்டா, அதைவிட நல்ல வாத்தியார்.

1837-இல் எடின்பரோவில் பிறந்தார். பரம்பரையாகவே சர்ஜன் குடும்பம். 1859-இல் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் எம்.டி. முடித்து, ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் வேலை பார்த்தார். எக்ஸ்ரேயே 1895-லதான் வந்தது. ஸ்கேன் எல்லாம் கனவிலும் இல்லை. கண், காது, விரல், இவ்வளவுதான் கருவி. டாக்டர் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் விலை கொடுப்பது நோயாளி.

1870-களின் கடைசியில் அவரிடம் படித்த ஆர்தர் கானன் டாயில், அவருடைய கிளார்க்காகவும் இருந்தார். வெளிநோயாளிகளை விசாரித்து உள்ளே அனுப்புவது வேலை. ஒருநாள் சாதாரண உடையில் ஒருத்தர் வந்தார். பார்த்ததுமே பெல் சொல்லிவிட்டார்: ராணுவத்தில் இருந்தவர், வெளியே வந்து அதிக நாள் ஆகவில்லை, ஸ்காட்லாந்து ரெஜிமென்ட், பார்படோஸில் இருந்தவர். எல்லாத்துக்கும் அவர் ஆமாம்னு சொல்ல, பசங்க வாயைப் பிளந்துட்டாங்க.

பெல் அதோட விடலை. ஒவ்வொரு படியாகப் பிரித்துக் காட்டினார். மரியாதை தெரிந்த மனிதர், ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை. அது ராணுவப் பழக்கம், இன்னும் மாறவில்லை. அதிகாரம் பண்ணிப் பழகிய தோரணை, ஆளைப் பார்த்தாலே ஸ்காட்லாந்துக்காரர். வந்திருப்பதோ யானைக்கால் நோய். அது பிரிட்டனில் வராது, மேற்கிந்தியத் தீவுகளில் வரும்.

முதல் பாதி வித்தை, இரண்டாம் பாதிதான் பாடம். வைவாவில் ஆன்சரை மட்டும் சொல்லி ஸ்டெப்ஸ் கேட்டா முழிக்கிற நமக்கு இது நல்லாவே புரியும்.

இன்னொரு கதையும் சொல்வாங்க. கசப்பு மருந்தில் ஒரு விரலை நனைத்து, வேறொரு விரலை வாயில் வைப்பாராம். பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் நனைத்த விரலையே சப்பி முகம் சுளிப்பாங்களாம். கொஞ்சம் குசும்புதான்!

கதையில் ஹோம்ஸ் ஜெயிப்பது எழுதுறவர் கையில் இருக்கு. வார்டில் அப்படி இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி தலையை ஆட்டி மறுத்துட்டா அவ்வளவுதான், திரும்ப முதல்லேர்ந்து பார்க்கணும்.

ராத்திரி பகலாக நோயாளி பக்கத்தில் இருக்கும் நர்சுகளையும் அவர் மறக்கவில்லை. அவங்களுக்காகவே அறுவை சிகிச்சை பற்றி 1887-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஹோம்ஸின் முதல் கதை வந்ததும் அதே வருஷம்தான். 1892-இல் ஹோம்ஸ் சிறுகதைத் தொகுப்பை டாயில் தன் ஆசிரியருக்கே சமர்ப்பித்தார். பெல்லோ, ஹோம்ஸ் நீயேதான் என்று பெருமையை மாணவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். 1911-இல் காலமானார்.