இசைவாணர் பெலா பார்ட்டோக்

பெரியோர் வாழ்க்கையை நூல்கள் விரித்துரைக்கும். நிழற்படமோ ஒரு கணத்திற் காட்டிவிடும். ஹங்கேரி தேசத்து இசைவாணர் பெலா பார்ட்டோக்கின் சரித்திரத்தை அத்தகைய படங்கள் சிலவற்றின் துணைகொண்டு ஈண்டு நோக்குவாம்.

இவர் 1881ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் தேதி பிறந்தார். தந்தையார் விவசாயப் பாடசாலையொன்றின் தலைவர். அவர் 1888இல் இறக்க, அன்னையார் பவுலா ஆசிரியத் தொழில் புரிந்து, ஊர்விட்டு ஊர்சென்று, தம் மக்கள் இருவரையும் வளர்த்தார். மைந்தருக்குப் பியானோவை முதலிற் கற்பித்தவரும் அவரே. பின்னர் 1899 முதல் 1903 வரை பார்ட்டோக் புடாபெஸ்ட் இசைக்கழகத்திற் பயின்றார்.

1904இல் லிடி டோஷா என்னும் பணிப்பெண் பாடிய பாடலொன்று இவர் செவியிற் புகுந்தது. நகரத்தார் ஹங்கேரிய இசையெனக் கொண்டாடியவற்றின் வேறாய், உழவர் நாவில் தொன்மையான இசையொன்று வழங்குதலை இவர் அதனால் உணர்ந்தார். நண்பர் கோடாயுடன் சேர்ந்து 1906இல் 20 நாட்டுப்பாடல்களை வெளியிட்டார். 1907இல் தாம் பயின்ற கழகத்திலேயே பியானோ ஆசிரியராயினார்.

அக்காலத்துப் படமொன்று உலகறிந்தது. ஸ்லோவாக்கியர் வாழும் தராஷ் என்னுஞ் சிற்றூரில், வீடொன்றின் முன்னே, மெழுகுருளையில் ஒலியைப் பதியும் போனோகிராப் வைக்கப்பட்டிருக்கின்றது. கிராமத்தார் சூழ்ந்து நிற்கின்றனர். பாடுவோர் அதன் குழாய்வாயை நோக்கிப் பாட, பார்ட்டோக் அருகே நிற்கின்றார். கழகத்திற் கற்பிக்கும் ஆசிரியர், எழுத்தறியாதார்முன் மாணாக்கராய் நிற்றலை யாம் இங்குக் காண்கின்றோம்.

இத்தொண்டு இவருக்குப் பழியையுந் தேடித்தந்தது. முதலாம் உலக யுத்தத்தின்பின் ஹங்கேரி தன் நிலத்திற் பெரும்பகுதியை இழந்தது. அதிலொரு பங்கு உருமேனியாவைச் சேர்ந்தது. உருமேனியர் பாடல்களையும் ஒப்பமதித்து ஆராய்ந்த இவரை, 1920இல் நாட்டுப்பற்றில்லாதவரென்று சிலர் பத்திரிகைகளிற் பழித்தனர். இவரோ கொண்ட பணியைக் கைவிட்டாரல்லர். 1936இல் துருக்கி சென்று, சாய்குன் என்னும் இசைவாணர் துணையுடன் நாடோடி மக்களின் பாடல்களைப் பதிந்தார். அப்பயணத்துப் படங்களில் தலைநரைத்த பார்ட்டோக்கைக் காண்கின்றோம். கேட்டுக் கற்கும் வேட்கை மட்டும் நரைத்திலது.

ஆசிரியர்கள் அறியத்தக்கது மற்றொன்றுண்டு. இவர் பியானோ பயில்வார்க்கென 153 சிறு பாடங்களை, எளியதிலிருந்து அரியதற்கு ஏறும் முறையில், ‘மிக்ரோகோஸ்மோஸ்’ என்னும் பெயரால் 6 பாகங்களாக இயற்றினார். முதலிரு பாகங்களைத் தம் இளைய மைந்தன் பேட்டருக்கு உரிமையாக்கினார்.

1939இல் அன்னையார் மறைந்தார். நாஜிகளின் கொடுங்கோன்மையை வெறுத்த இவர் 1940இல் அமெரிக்கா சென்றார். அந்நாட்டுப் படங்களில் மெலிந்த முகத்தையே காண்கின்றோம். ஆயினும் நோயின் நடுவே, 1943இல், இசைக்குழுவுக்கான பெருங்கீதமொன்றை இயற்றினார். 1945ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26ஆந் தேதி நியூயார்க்கில் உயிர்நீத்தார். இவரது உடல் 1988இற் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டது.

தராஷிற் பாடிய அம்மக்கள் இன்றில்லை. அவர்தம் பாடல்கள் உள. கற்பிப்போன் முதலிற் கேட்போனாதல் வேண்டும் என்பதற்கு அப்படம் சான்றாக நிற்கின்றது.