மரபணுவின் பூட்டு

ழாக் மோனோ 1910ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் மெலிந்தபோதும் மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்தார்.

சோர்போன் ஆய்வகத்தில் பாக்டீரியாக்களுக்குக் குளுக்கோஸையும் பால் சர்க்கரையையும் கலந்து கொடுத்தார். அவை முதலில் குளுக்கோஸை மட்டுமே உண்டு பெருகின. அது தீர்ந்ததும் வளர்ச்சி சற்று நின்றது. பிறகே பால் சர்க்கரையை உண்ணத் தொடங்கின. பாயசம் தீரும்வரை மோர்ச்சோற்றைத் தொடாத பிள்ளைகளை நாம் அறிவோம். ஆனால், இடையில் வளர்ச்சி நின்றது ஏன்? இவ்வினா மோனோவை இருபது ஆண்டுகள் விடவில்லை.

அக்காலத்தில் ஜெர்மானியப் படை பாரிஸைக் கைப்பற்றியிருந்தது. மோனோ விடுதலைப் போராளிகளுடன் மறைவாகச் சேர்ந்தார். ஆய்வகத்தின் அருகில் நின்ற ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்புக்குள் இரகசியத் தாள்களை ஒளித்து வைத்தார். பிடிபட்டால் மரணம் என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

போருக்குப் பின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். போர்க்காயத்தால் அறுவை மருத்துவராகும் கனவை இழந்த பிரான்சுவா ஜாகோப் அங்கு அவருக்குத் துணையானார். 1961இல் இருவரும் விடையை வெளியிட்டனர். பால் சர்க்கரையைச் சிதைக்கும் நொதிக்கான மரபணுவைப் படியெடுக்க விடாமல் ஒரு தடைப்பொருள் பூட்டுப்போல் காக்கிறது. பால் சர்க்கரை உட்புகுந்ததும் அப்பூட்டு விலகுகிறது. படியெடுத்தல் தொடங்கி நொதி உருவாகிறது. அதற்கான நேரமே அந்த இடைநிறுத்தம்.

1965இல் இவ்விருவருக்கும் ஆந்த்ரே லுவாஃப் என்பவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. மோனோ 1976இல், தாம் வளர்ந்த கான் நகரில் மறைந்தார்.