வைத்தியசாலை அமைத்த ஆயர்: செசரியாவின் பசிலியார்

நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தினர் கேட்டபோது, வைத்தியராகிய எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் செசரியாவின் ஆயர் பசிலியார். பாடசாலை ஆராதனைகளில் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை மனனமாகச் சொன்ன நாட்களில், அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எத்தனை சண்டைகள் நடந்தன என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. சொல்லி முடித்து வகுப்புக்கு ஓடுவதிலேயே நம் கவனம் இருந்தது.

பசிலியார் ஏறக்குறைய 330ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியின் ஒரு பகுதியான கப்பத்தோக்கியாவில், வசதியான கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். செசரியா, கொன்ஸ்தாந்திநோப்பிள், ஏதென்ஸ் ஆகிய நகரங்களிற் கல்வி கற்றார். ஏதென்சில் நசியான்சு ஊரைச் சேர்ந்த கிரகோரியார் அவருக்கு உயிர்நண்பரானார். படித்த பெருமையோடு வீடு திரும்பிய தம்பியின் தலைக்கனத்தைக் கண்டு, அவரை எளிய துறவு வாழ்வின் பக்கம் திருப்பியவர் மூத்த சகோதரி மக்ரீனா. இக்குடும்பத்தில் மூன்று சகோதரர்கள் ஆயர்களானார்கள். மூவருக்கும் வழிகாட்டியாக இருந்தவர் இந்த அக்காவே. பெண்கள் பாடசாலையிற் படித்த நாம் இதை மறக்கலாகாது.

அக்காலத் திருச்சபை பிளவுபட்டிருந்தது. குமாரன் பிதாவினாற் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் போதித்தார். 325இல் நிசேயாவிற் கூடிய சங்கம் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று தீர்மானித்தது. ஆயினும் பூசல் மேலும் அரை நூற்றாண்டுக்கு நீடித்தது. பேரரசர் மாறும்போதெல்லாம் ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், மீண்டும் அழைக்கப்பட்டார்கள். அந்தியோகியா நகரில் மட்டும் ஒரே வேளையில் மூவர் ஆயர் பதவிக்கு உரிமை கோரினர். அவர்களுள் மெலேத்தியு, பவுலீனு ஆகிய இருவரும் நிசேயாவின் விசுவாசத்தையே ஏற்றவர்கள். பசிலியார் மெலேத்தியுவை ஆதரித்தார். ரோமும் அலெக்சாந்திரியாவும் பவுலீனுவை ஆதரித்தன.

368ஆம், 369ஆம் ஆண்டுகளில் செசரியாவைக் கடும் பஞ்சம் வாட்டியது. அப்போது குருவாக இருந்த பசிலியார், தானியத்தைப் பதுக்கியவர்களைப் பிரசங்கத்திற் கண்டித்து, களஞ்சியங்களைத் திறக்கச் செய்து, பசித்தவர்களுக்குத் தாமே உணவு பரிமாறினார். 370இல் ஆயரானதும் நகருக்கு வெளியே ஒரு பெரும் இல்லத்தைக் கட்டினார். வழிப்போக்கருக்குத் தங்குமிடம், நோயாளருக்குச் சிகிச்சை, வைத்தியர், தாதியர் எல்லாம் அங்கே இருந்தன. ஊரார் துரத்திவிட்ட தொழுநோயாளரும் அங்கே அடைக்கலம் பெற்றனர். வைத்தியக்கலை கடவுளின் கொடை என்பது அவருடைய போதனை. அவரோ ஈரல் நோயினாலும் காய்ச்சலினாலும் அடிக்கடி படுக்கையில் விழுந்தவர்.

பேரரசர் வாலன்ஸ் நிசேயாவை எதிர்த்தவர்களின் பக்கம் நின்றார். அவருடைய அதிகாரி மொதெஸ்து, சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல், சித்திரவதை, மரணம் என்று அச்சுறுத்தியும் பசிலியார் இணங்கவில்லை. சில புத்தகங்களும் பழந்துணியும் தவிர அவரிடம் பறிக்க எதுவும் இருக்கவில்லை.

அரசனுக்கு அஞ்சாத இம்மனிதர் நண்பரிடம் தவறிவிட்டார். வாலன்ஸ் கப்பத்தோக்கியாவை இரண்டாகப் பிரித்தபோது, தியானா நகரின் ஆயர் அந்திமு, புதிய மாகாணத்தின் சபைகள் தமக்கே உரியவை என்றார். தமது எல்லையைக் காக்கப் பசிலியார் புதிய ஆயர்களை நியமித்தார். சொந்தத் தம்பி கிரகோரியாரை நீசா என்ற சிற்றூருக்கு அனுப்பினார். நண்பர் கிரகோரியாருக்குக் கிடைத்தது சாசிமா, வண்டிகளும் புழுதியும் நிறைந்த ஒரு சந்தி. அமைதியான வாழ்வை விரும்பிய நண்பர் வற்புறுத்தலால் அபிஷேகம் பெற்றாலும், அங்கே பணிபுரியவில்லை. தம்மைக் காயாக நகர்த்திவிட்டார் என்ற மனக்குறை அவருக்கு. துறவு வாழ்வில் பசிலியாருக்கு முன்மாதிரியாக இருந்த செபஸ்தேயாவின் ஆயர் யூஸ்தாத்தியுவும் பரிசுத்த ஆவியானவர் பற்றிய கொள்கையில் வேறுபட்டு எதிரியானார். அவ்விவாதத்தின் நடுவே, சுமார் 375இல், பரிசுத்த ஆவியானவர் பற்றிய தமது நூலைப் பசிலியார் எழுதினார்.

378இல் வாலன்ஸ் போர்க்களத்தில் இறந்தார். சில மாதங்களின் பின், 379 ஜனவரி முதலாம் திகதி பசிலியார் காலமானார் என்பது மரபு. வயது ஐம்பதைத் தாண்டவில்லை. 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் அவர் காத்த விசுவாசத்தை உறுதிசெய்தது. அங்கே தலைமை வகித்த நண்பர் கிரகோரியார், ஆயர்களின் சச்சரவால் மனம் வெறுத்துப் பதவி துறந்து ஊர் திரும்பினார். பின்னர் பசிலியாருக்காக அவர் ஆற்றிய நீண்ட நினைவுரையில் அந்த வைத்திய இல்லத்தை ஒரு புதிய நகரம் என்று போற்றினார். சாசிமாவின் வலியையும் மறைக்கவில்லை. வலி இருந்தும் வந்து பேசினார். ஆனால் கேட்க வேண்டியவர் அப்போது உயிரோடு இல்லை.

இரவுக் கடமையின்போது விடுதியில் நோயாளரைப் பார்த்து முடிந்ததும் இக்கதை எனக்கு நினைவு வரும். ஒரே வாங்கில் என்னோடு இருந்து படித்த ஒருத்தியோடு, சிறிய காரியம் ஒன்றுக்காகப் பல வருடங்களாக நான் பேசவில்லை. யார் பக்கம் நியாயம் என்று இப்போதும் என்னாற் சொல்ல முடியும். அதனால் என்ன பயன்? கடல் கடந்து வாழும் அவளுக்கும் இந்த மலர் கிடைக்கும். அது போய்ச் சேருமுன் நானே தொலைபேசியில் அழைத்துப் பேசுவதாக முடிவு செய்திருக்கிறேன்.