மூணாம் கிளாஸோடு ஸ்கூலுக்கு டாட்டா... 2,000 ரூபாயில் கார்! ஜி.டி.நாயுடுவின் கார் ஏன் ரோட்டுக்கு வரல?

கோவை தொண்டாமுத்தூர் பக்கம் எந்தத் தோட்டத்துக்குள்ள போனாலும் மோட்டார் ரூம் சத்தம் காதில் விழும். பாக்கு, தென்னை, வாழை, பன்னீர் திராட்சை என எல்லாத்துக்கும் தண்ணி ஏத்துறது அந்த மோட்டார்தான்.

அதே தொண்டாமுத்தூரில் இருந்து கோவை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினால், அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் வரும். உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்ட்வின்ஸில்தான் இறக்கம். 2025 அக்டோபர் 9-ம் தேதி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் பெயர், ஜி.டி.நாயுடு மேம்பாலம்.

தோட்டத்து மோட்டாருக்கும், ரோட்டு மேல் இருக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இருக்கு. கோவையில் மின் மோட்டார் தயாரிப்புக்கு வழி போட்டவர் அவர். பஸ் ஓட்டினார், ரேஸர் செய்தார், காலேஜ் தொடங்கினார். ஆனால் அவர் செய்த கார் மட்டும் மக்கள் கைக்கு வரவே இல்லை. என்னதான் நடந்தது? பார்க்கலாம்.

வாத்தியார் மேல் மண்ணைப் போட்ட பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு. சுருக்கமாக ஜி.டி.நாயுடு. 1893 மார்ச் 23-ம் தேதி, கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார்.

படிப்பு? சுத்தமா ஏறல. வாத்தியார் மேல் மண்ணை வீசிவிட்டு ஓடிய கதை இன்றும் ஊரில் சொல்லப்படுகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. அப்பாவின் தோட்டத்தில் வேலை. ஆனால் வாசிப்பை மட்டும் அவர் விடவில்லை. கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டார்.

வாழ்க்கையை மாத்திய பைக்

ஒரு நாள் ஊர்ப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுது! அந்த இளைஞருக்குத் தூக்கமே போச்சு.

அது 1912-ம் ஆண்டு 'ரட்ஜ்' பைக். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத் தயாரிப்பு. அந்தக் கால ரட்ஜ் பைக்கில் ஒரே ஒரு சிலிண்டர்தான். இப்போது இருப்பது போல செயின் கிடையாது. இன்ஜின் சுற்றும் வேகத்தை ஒரு பெல்ட்தான் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். உற்றுப் பார்த்தால், எது எதை இழுக்கிறது என்று கண்ணாலேயே புரிந்துகொள்ளக்கூடிய மெஷின்.

அதை வாங்கியே ஆகணும். ஆனால் காசு? கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். கிடைத்த வேலையெல்லாம் செய்தார். காசு சேர்ந்ததும் பைக்கை வாங்கினார்.

வாங்கியவர் ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கலாம். அவர் செய்தது வேற. வண்டியை முழுசாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் எங்கே இருக்கு, எதுக்கு இருக்கு என்று பார்த்தார். பிறகு திரும்பப் பூட்டினார். வண்டி ஓடியது! அன்றிலிருந்து அவர் ஒரு மெக்கானிக்.

நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. முதல் உலகப் போர் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கி நல்லா சம்பாதித்தார். சம்பாதித்ததை பம்பாய் பருத்தி வியாபாரத்தில் விட்டார். மறுபடியும் ஆரம்பத்தில் இருந்து.

ஒரே ஒரு பஸ்... டிரைவரும் அவரே!

1920. கோவையின் பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவ, ஒரு பஸ் வாங்கினார் நாயுடு. பொள்ளாச்சி - பழனி ரூட். ஸ்டியரிங் பிடித்ததும் அவரேதான்.

பழனிக்குப் போகும் பக்தர்கள் கூட்டம் எப்போதும் உள்ள ரூட் அது. மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு பஸ் என்பது பெரிய விஷயம். ஒரு பஸ் பல பஸ் ஆனது. 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்', அதாவது யு.எம்.எஸ். உருவானது. சில வருடங்களிலேயே நாட்டின் நன்றாக நடத்தப்படும் பஸ் கம்பெனிகளில் ஒன்று எனப் பெயர் எடுத்தது.

காரணம், பைக்கில் கற்ற அதே பாடம். வண்டி ரிப்பேர் ஆனால் வெளியே மெக்கானிக்கைத் தேட வேண்டிய அவசியம் முதலாளிக்கே இல்லை. இன்ஜினில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவியே செய்தார்.

தோட்டத்துக்கு வந்த மோட்டார்

கொங்கு நாடு மழை குறைந்த பூமி. விவசாயம் என்றால் கிணறுதான். மோட்டார் வருவதற்கு முன் கிணற்றில் 'கவலை' ஓட்டுவார்கள். மாடு பூட்டி, தோல் சாலில் தண்ணீரை மேலே இழுக்கும் முறை. விடியற்காலையில் தொடங்கினால் மாடும் மனுஷனும் களைத்துப் போவார்கள். பாய்ந்த நிலமோ கொஞ்சம்தான்.

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் இருந்து கோவைக்குக் கரண்ட் வந்தது. மில்கள் பெருகின. கரண்ட் வந்தாச்சு, மோட்டாருக்கு எங்கே போவது? அப்போது எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.

இங்கேதான் நாயுடு வருகிறார். 1937-ல் பீளமேட்டில் இருந்த அவரது 'நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ்' ஆலையில் மின் மோட்டார் தயாரானது. இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்று பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். இதற்குப் பின்னால் இருந்த மூளை, அவருடன் வேலை செய்த டி.பாலசுந்தரம். பின்னாளில் 'டெக்ஸ்டூல்' நிறுவனத்தைத் தொடங்கியவர்.

அடுத்து வந்த வருடங்களில் கோவை, மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் போன ஊரானது. கவலை ஓட்டிய கிணறுகளில் மோட்டார் ரூம் எழுந்தது. இது ஒருத்தர் மட்டும் செய்த வேலை இல்லை. பல தொழிலதிபர்கள், பல பட்டறைக்காரர்கள் சேர்ந்து வளர்த்தது. ஆனால் தொடக்க வரிசையில் நின்றவர்களில் நாயுடு முக்கியமானவர்.

ரேஸர் முதல் ஓட்டு மெஷின் வரை

அவருடைய கண்டுபிடிப்பு லிஸ்ட் ரொம்பவே பெரிசு. சிலது மட்டும்:

* டிரை செல் பேட்டரியில் ஓடும் 'ரசாந்த்' எலக்ட்ரிக் ரேஸர். சின்னஞ்சிறு மோட்டார் உள்ளே இருக்கும்.
* மிக மெல்லிய ஷேவிங் பிளேடு.
* மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன்.
* பழச்சாறு பிழியும் கருவி.
* தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு மெஷின்.
* ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-லேயே அறிவித்தார்.

கவனித்தால் ஒண்ணு புரியும். இதில் பெரும்பாலும் வீட்டில், தெருவில் சாதாரண ஆள் பயன்படுத்தும் பொருட்கள். ஏற்கெனவே இருப்பதை எடுத்து, மலிவாக, எளிதாக ஆக்குவதில்தான் அவர் கவனம்.

செடியையும் விட்டு வைக்கவில்லை. பருத்தி, பப்பாளி என விவசாய ஆராய்ச்சி செய்தார். சித்த மருத்துவத்திலும் ஆர்வம். கேமரா மீது தனிக் காதல். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரைப் படம் பிடித்திருக்கிறார். 1936-ல் லண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தையும் நேரில் படமாக்கினார். தேர்தலிலும் நின்று பார்த்தார். தோற்றார்.

'ஹோப்ஸ்' ஸ்டாப்புக்குப் பேர் வந்த கதை

கோவையில் பஸ் ஏறினால் 'ஹோப்ஸ்' என்று கண்டக்டர் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. ஹோப் காலேஜ் எங்கே என்று தேடினால் அங்கே கிடைக்காது. ஏன் தெரியுமா?

1945-ல் நாயுடு கொடுத்த நன்கொடையில் அங்கே தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் வைக்கப்பட்டது. பின்னர் கல்லூரி தடாகம் ரோட்டுக்கு மாறியது. அதுதான் இன்றைய ஜி.சி.டி. எனும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. காலேஜ் போயிடுச்சு, ஸ்டாப் பேர் மட்டும் நின்னுடுச்சு.

மூணாம் கிளாஸ் படித்த நாயுடு, அந்தக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தார். ஆனால் நீண்ட நாள் இல்லை. இன்ஜினீயரிங் படிக்க நான்கு வருடம் எதற்கு, இரண்டு வருடமே போதும் என்பது அவரது வாதம். பட்டறையில் கை வைத்துக் கற்பதுதான் படிப்பு என்று நம்பியவர். அது ஏற்கப்படவில்லை. விலகினார்.

2,000 ரூபாய் கார்: என்ன ஆச்சு?

சரி, விஷயத்துக்கு வருவோம். 1952-ல் நாயுடுவின் பட்டறையில் இருந்து ஒரு கார் வெளியே வந்தது. பெட்ரோல் இன்ஜின். இரண்டு பேர் உட்காரலாம். விலை? 2,000 ரூபாய்!

பணக்காரர் வீட்டு வாசலில் மட்டும் கார் நின்ற காலம் அது. நடுத்தரக் குடும்பத்துக்கு கார் என்பது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விஷயம். அப்போது இப்படி ஒரு கார்.

ஆனால் கார் செய்தால் மட்டும் போதாது. 1951-ல் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருந்தது. அடுத்த ஆண்டே அமலுக்கு வந்தது. எந்தப் பொருளை யார் தயாரிக்கலாம் என்பதை மத்திய அரசின் லைசென்ஸ்தான் முடிவு செய்யும். நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. உற்பத்தி அதோடு நின்றது.

அரசு பக்கமும் ஒரு கணக்கு இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடு. இரும்பும் அன்னியச் செலாவணியும் பற்றாக்குறை. காரை விட லாரி, பஸ், டிராக்டர் முக்கியம் என்ற நினைப்பு. ஒரு கார் செய்து காட்டுவது வேறு, ஆயிரக்கணக்கில் தயாரிப்பது வேறு என்பதும் உண்மை. அதற்கு டயர், கண்ணாடி, உதிரி பாகம், சர்வீஸ் என பெரிய அமைப்பே வேணும்.

அந்தக் கொள்கையால் சில கம்பெனிகள் மட்டும் கார் செய்தன. வாங்க நினைத்தவர்கள் புக் செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். மலிவான சின்னக் கார் வேண்டும் என்ற பேச்சு டெல்லியில் பல வருடம் ஓடியது. கடைசியில் மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். நாயுடுவின் கார் தயாராகி 31 வருடம் கழித்து! நாயுடுவின் கார் சாலைக்கு வந்திருந்தால் ஜெயித்திருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. முயற்சி செய்து பார்க்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

கோபம் அவரிடம் இருந்தது. அதிக வரிக்கும் அரசின் போக்குக்கும் எதிர்ப்பு தெரிவித்து, 1950-களில் தன் தயாரிப்புகளைத் தானே பொதுமக்கள் முன் உடைத்துக் காட்டினார். பைக்கைப் பிரித்தபோது திரும்பப் பூட்டியவர், இதைத் திரும்பப் பூட்டவில்லை.

பழைய காரைப் பார்க்கணுமா?

1967-ல் அவினாசி ரோட்டில் தொழில் கண்காட்சி ஒன்றை அமைத்தார் நாயுடு. உலகம் முழுக்கச் சுற்றிச் சேர்த்த கருவிகளை, பள்ளிப் பிள்ளைகளும் வந்து பார்க்கட்டும் என்று வைத்தார். 1974 ஜனவரி 4-ம் தேதி காலமானார்.

அவரது குடும்பத்தினர் நடத்தும் 'ஜீடீ கார் மியூசியம்' 2015-ல் அதே அவினாசி ரோட்டில் திறக்கப்பட்டது. 1886-ல் வந்த முதல் பென்ஸ் காரின் நகலில் தொடங்கி, பல நாட்டுப் பழைய கார்கள் புதுசு போல நிற்கின்றன.

இப்போது பழைய காரை வாங்கி, வெளித்தோற்றத்தை அப்படியே வைத்து, உள்ளே பவர்ஃபுல் இன்ஜின், டிஸ்க் பிரேக் போடுவது உலகம் முழுக்க டிரெண்ட். அமெரிக்காவின் 1960-களின் 'மஸில் கார்'களில் இது ரொம்பவே பிரபலம். நம்ம ஊரில் இதுக்கும் சட்டம் உண்டு. 2021 விதிகளின்படி, 50 வயது தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து வரும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த அந்தஸ்து கிடைக்காது. அதாவது பழசைப் பழசாகவே காப்பாத்தணும்.

நாயுடு எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று யோசிப்பது சுவாரஸ்யம். கண்காட்சி வைத்துக் காப்பாற்றியவரும் அவர்தான். கையில் கிடைத்த வண்டியைப் பிரித்துப் போட்டவரும் அவர்தான்.

மேம்பாலத்துக்குப் பெயர் வைத்தபோது, அதில் சாதிப் பெயர் இருப்பது பற்றி விவாதம் எழுந்தது. மாதவன் நடிக்கும் 'ஜி.டி.என்' படமும் அவர் பெயரை மறுபடி பேச வைத்திருக்கிறது. பாலத்தில் ஹோப்ஸைத் தாண்டும்போது கீழே இருப்பது அவர் கல்லூரி தொடங்கிய இடம், பீளமேட்டைத் தாண்டும்போது அவரது மோட்டார் தயாரான பகுதி. அடுத்த முறை அந்த வழியாகப் போனால், உங்க வீட்டுக் குட்டீஸுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க.