பேஸ்மேக்கருக்கு ரேடியோ அனுமதி எதுக்கு? ஜே.சி.போஸ் கதை சொல்லும் பதில்

உங்க அப்பா நெஞ்சுல இருக்கும் வயர்லெஸ் பேஸ்மேக்கர், டாக்டரின் கருவியோட ரேடியோ அலையில் பேசுது. அந்த அலை உடம்பைத் தாண்டும்னு கொல்கத்தாவில் காட்டியவர் ஜெகதீஷ் சந்திர போஸ்.

1858-ல் பிறந்தவர். பிரெசிடென்சி கல்லூரியில் இந்தியர் என்பதால் சம்பளத்தைக் குறைத்தார்கள். மூணு வருஷம் சம்பளமே வாங்காம பாடம் நடத்தினார். 1895-ல் டவுன் ஹாலில் அவர் அனுப்பிய அலை, லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் சுவரையும் கடந்து மணியடித்தது, வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. 1937-ல் மறைந்தார்.

சிக்கலும் அங்கதான். சுவரைத் தாண்டும் அலை, யார் அனுப்பினாலும் தாண்டும். அதனால் இன்று இப்படிப்பட்ட கருவிக்கு இந்தியாவில் ரெண்டு சோதனை. உடம்புக்குப் பாதுகாப்பான்னு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு பார்க்கும். அலை வரம்புக்குள்ள இருக்கான்னு தொலைத்தொடர்புத் துறை பார்க்கும். 402–405 மெகாஹெர்ட்ஸில் அந்த வரம்பு 25 மைக்ரோவாட்.