காணாத கல்லூரியை நாடிச் சென்ற ஆனந்திபாய் ஜோஷி அம்மையார்

ஒரு கலாசாலையிற் சேர விரும்புவோர் முன்னதாக அங்குச் சென்று, மண்டபங்களையும் விடுதியையும் நேரிற் கண்டு, ஆசிரியரோடு அளவளாவிய பின்னரே விண்ணப்பஞ் செய்தல் நன்று என்பர். அவ்வசதி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நம்முட் பலரும் பிறர் வாய்ச்சொல்லை நம்பியே இக்கல்லூரி வாயிலில் முதன்முறை அடிவைத்தோம். ஆயினும் நாம் கடந்து வந்தது பெரும்பாலும் ஓர் இரவுப் புகைவண்டிப் பயணமே. கடல் கடந்து, இடமுண்டோ என்பதுந் தெரியாது, தாம் கண்டறியாத ஒரு கல்லூரியை நாடிச் சென்ற ஓர் இளம் பெண்மணியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

அம்மையார் மராட்டிய நாட்டில் 1865-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ந் தேதி பிறந்தார். பிள்ளைப் பெயர் யமுனா. ஒன்பதாம் வயதில் தம்மினும் ஏறக்குறைய 20 ஆண்டு மூத்தவரும், முதன் மனைவியை இழந்தவருமாகிய கோபாலராவ் ஜோஷி என்பாருக்கு மணம் செய்விக்கப்பட்டு, ஆனந்தி என்னும் பெயர் பெற்றார். கோபாலராவ் தபாலிலாகாவில் எழுத்தர். மனைவியைக் கற்பித்தே தீர்வதென்பது அவரது உறுதி. அவ்வுறுதி சில வேளைகளிற் கொடுமையாகவும் முடிந்ததென்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அம்மையாரின் 14-ம் வயதிற் பிறந்த ஆண் மகவு பத்தே நாளில் மாண்டது. தக்க மருத்துவ உதவியில்லாமையே அதற்குக் காரணமென அவர் நெஞ்சிற் பதிந்தது. தாமே வைத்தியங் கற்பதென்னும் எண்ணமும் அங்கேதான் வேரூன்றிற்று.

எங்குக் கற்பது? கோபாலராவ் அமெரிக்க மிஷனரியாகிய ராயல் வைல்டர் துரைக்குக் கடிதம் எழுதினார். உதவி வேண்டின் மதம் மாறுதல் வேண்டுமென்னும் குறிப்போடு மறுமொழி வந்தது. தம்பதியர் அதற்கு இசைந்திலர். மிஷன் கல்லூரியில் இருந்துகொண்டு இதனை எழுதுகின்றோம்; எனினும் உதவிக்கு அத்தகைய விலை கேட்டது தகாதென்றே நமக்குத் தோன்றுகின்றது. ஆனால் வைல்டர் அக்கடிதங்களைத் தம் பத்திரிகையில் வெளியிட்டதனால் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. நியூஜெர்ஸி மாகாணத்து ரோஸெல் என்னும் ஊரினராகிய தியோடிசியா கார்ப்பென்டர் என்னும் மாது, பல் வைத்தியரைக் காணக் காத்திருந்த வேளையில் அப்பத்திரிகையைப் படிக்க நேர்ந்தது. அவர் ஆனந்திபாய்க்கு எழுதினார், ஆனந்திபாயும் விடையெழுதினார். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே இருவரும் உறவினர்போல் ஆயினர். அம்மையார் தலைவலியாலும் காய்ச்சலாலும் மூச்சுத் திணறலாலும் வருந்தியபோது மருந்துகளும் அமெரிக்காவினின்று வந்தன. அவை பயன்பட்டில. தபால் எழுத்தரின் மனைவிக்குத் தபாலே கண்ணும் காதுமாக இருந்தது.

கல்கத்தாவில் அறிமுகமான ஒரு மருத்துவத் தம்பதியர் பிலடெல்பியா நகரத்துப் பென்ஸில்வேனியா மாதர் வைத்தியக் கல்லூரியைச் சுட்டிக் காட்டினர். அது 1850-ல் மாதர்க்கென்றே நிறுவப்பெற்றது. அயல்நாடு செல்வது ஏன் என ஊரார் பழித்தமையால், 1883-ம் ஆண்டின் தொடக்கத்தில், கேரி முதலியோர் 1818-ல் நிறுவிய ஸ்ரீராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் அம்மையார் ஒரு பிரசங்கம் செய்தார். சென்னையில் ஒரு கல்லூரி உண்டென்பதை அவர் மறுத்திலர். அங்குப் போதனை நிறைவுடையதன்றென்றும், போதிக்கும் ஆடவர்க்கு மாதர் கற்பதில் மனமில்லையென்றும் காரணங் காட்டினார். நம் சென்னையைப் பற்றிய இத்தீர்ப்பு முற்றும் நேரியதோ என்று ஐயுறுகின்றோம். சென்னை வைத்தியக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்மணிகளைச் சேர்த்துக்கொண்டது. அவருள் மேரி ஷார்லீப் 1878-ல் தேறிப் பின்னர் லண்டனிற் புகழ்பெற்றார். எவ்வாறாயினும், பெண்களே பெண்களுக்குக் கற்பிக்கும் இடத்தை அம்மையார் விரும்பினார் என்பது தெளிவு. வைத்தியம் கற்றாலும் இந்துவாகவே மீள்வேன் என்று அச்சபையில் உறுதியும் கூறினார். பிரசங்கம் பத்திரிகைகளிற் பரவவே பல இடங்களினின்றும் பொருளுதவி வந்தது.

1883 ஏப்ரல் 7-ந் தேதி, கணவர் உடன் வராமலே, கல்கத்தாவிற் கப்பலேறினார். வயது 18 நிரம்பி ஒரு வாரமே ஆகியிருந்தது. ஜூன் மாதம் நியூயார்க்குத் துறைமுகத்திற் கார்ப்பென்டர் மாது அவரை வரவேற்றார். கல்லூரிக்கு முறையான விண்ணப்பம் எழுதியது அதன் பிறகேயாம்! ரோஸெலினின்று எழுதிய அக்கடிதத்தில், தமக்கு வேண்டிய தகுதிகள் முற்றும் இல்லையென்பதை ஒளியாது ஒப்புக்கொண்டு, தம் நாட்டுப் பெண்களின் துன்பத்தையே பரிந்துரையாக முன்வைத்தார். தலைவி ரேச்சல் பாட்லி அம்மையார் சேர்த்துக்கொண்டார். உபகாரச் சம்பளமும் கிடைத்தது. கல்லூரியைக் காணாமல் மாணவி வந்தாள். மாணவியைக் காணாமல் கல்லூரி இடந்தந்தது.

கடிதங்கள் மனிதரைப் பற்றிப் பொய்யுரைக்கவில்லை. கார்ப்பென்டர் மாதும் பாட்லி அம்மையாரும் எழுத்திற் கண்டவாறே நேரிலும் இருந்தனர். ஆனால் பிலடெல்பியாவின் பனிக்காலம் எத்தகையது என்பதைக் கடிதம் உணர்த்துமோ? மரக்கறி உண்டு புடைவை அணிந்து வாழ்ந்த அவருக்குக் குளிரும் அந்நிய உணவும் ஒவ்வவில்லை. முன்னரே நலிந்திருந்த உடலைக் காசநோய் பற்றிற்று. நோயோடே கற்று, ஆரிய இந்துக்களிடை வழங்கும் பிரசவ வைத்தியத்தைக் குறித்து ஆராய்ச்சியுரை எழுதி, 1886 மார்ச்சு 11-ந் தேதி பட்டம் பெற்றார். பண்டித ரமாபாய் அவ்விழாவிற்கு வந்திருந்தார். விக்டோரியா மகாராணியும் வாழ்த்தனுப்பினார்.

கோலாப்பூர் சமஸ்தானத்தார் தம் ஆல்பர்ட் எட்வர்ட் வைத்தியசாலையின் பெண்கள் பகுதிக்கு அவரை வைத்தியராக நியமித்தனர். 1886-ன் இறுதியில், கூறியவாறே இந்துவாக மீண்டார்; வேலையை ஏற்க உடல் இடங்கொடுக்கவில்லை. 1887 பிப்ரவரி 26-ந் தேதி, 22 வயது நிரம்புமுன், பூனாவில் உயிர் நீத்தார்.

அவர் கற்ற கல்லூரி 1970-ல் ஆடவரையும் சேர்க்கத் தொடங்கிற்று. பின்னர் டிரெக்ஸல் சர்வகலாசாலையோடு இணைந்துவிட்டது. அவரது விண்ணப்பக் கடிதம் அதன் பழம் ஏடுகளிடையே போற்றப்படுகின்றது. அவரது அஸ்தி கார்ப்பென்டர் மாதுக்கு அனுப்பப்பட்டது. அம்மாது அதனை நியூயார்க் மாகாணத்துப் பொகீப்ஸி என்னும் ஊரில், தம் குடும்பத்தாரின் கல்லறைகளிடையே அடக்கஞ் செய்தார்.